ஊர்ப் பெடியள்

உதவிச்சம்பளத்தில் லண்டன் சர்வகலாசாலைக்குப் போகும் மகனுக்கு எங்கே தங்க இடம் எடுப்பது என்று கேட்கத்தான், தோட்டத்தில் மாடாய் உழைத்த களைப்போடு தியாகலிங்கம் வாத்தியார் வீட்டுக்கு மார்க்கண்டு வந்திருந்தார்.

“இதிலை யோசிக்க என்ன கிடக்கு? லண்டனிலை என்ரை மருமகன் இருக்கிற வீட்டிலை ஒரு கட்டில் காலியாம். எல்லாம் எங்கடை ஊர்ப் பெடியள். ஒரே குசினி, ஒரே சோறு,” என்றார் வாத்தியார்.

“இல்லை வாத்தியார், சர்வகலாசாலை விடுதியே இருக்கட்டும்.”

“உனக்கென்ன விசரே? அங்கை பாணும் உருளைக்கிழங்கும்தான். தமிழிலை ஒரு சொல்லுக் கதைக்க ஆளில்லை.”

“பரவாயில்லை, வாத்தியார்.”

“ஊர்ப் பெடியளோடை சேர்ந்தால் கெட்டுப்போவான் எண்டு பயப்பிடுறியோ?”

மார்க்கண்டு வலித்த காலை மாற்றி ஊன்றிக்கொண்டார்.

வாத்தியாரின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். கதிரையில் இருந்த கணவரிடம் கோப்பையைக் கொடுத்தார். முற்றத்தில் நின்ற மார்க்கண்டு, வேலியில் செருகியிருந்த தகரப்பேணியை எடுத்து நீட்டினார். அந்த அம்மா பேணியில் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

“நல்ல பெடியள்தான், வாத்தியார்,” என்றார் மார்க்கண்டு மெதுவாக. “ஆனால் என்ரை பிள்ளை ஆரின்ரை மகன் எண்டு அவங்களுக்குத் தெரியும். அந்தக் குசினியிலையும் அவனுக்கு ஒரு பேணி புறம்பாத்தான் வைப்பாங்கள்.”

வாத்தியார் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போனது.

“விடுதிக்கே எழுதுவம்,” என்றார் கடைசியில்.

“ஓம், வாத்தியார்.”

மார்க்கண்டு குடித்து முடித்தார். பேணியைத் தானே கழுவி, பழையபடி வேலியில் செருகிவிட்டு நடந்தார்.