பழைய துணிக்கு மேலே

வண்டிகளுக்கு சீட் உறை தைக்கும் சையது பாய் இரண்டு மாதிரித் துண்டுகளை வண்டியின் பானெட்டின் மேல் விரித்தார். ஒன்று துணி, இன்னொன்று லெதர். பூ லோடு அடிக்கும் பிக்கப்புக்கு எது தோது என்று சொல்லாமல் மாசிலாமணி இரண்டையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"லெதரே போடுங்க பாய். ஈரச் சாக்கோட ஏறுனாலும் துடைச்சாப் போயிரும்," என்றாள் அன்னக்கொடி. அவனுக்கு வாக்கப்பட்டு இன்னும் வருஷம் திரும்பவில்லை.

பாய் பழைய துணியைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார். இடப்பக்க சீட்டின் தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. விடியற்காலையில் சந்தைக்குப் போகும்போது அவனுடைய முதல் மனைவி செல்லக்கிளி அங்கேதான் தலையைச் சாய்த்துத் தூங்குவாள். அவள் இறந்த பிறகும், வெயில் ஏறினால் வண்டிக்குள் தேங்காயெண்ணெய் வாசம் கிளம்பும். மாசிலாமணி கண்ணாடியை இறக்காமலே ஓட்டுவான். அன்னக்கொடியோ ஒருநாளும் அதில் சாய்ந்ததில்லை. முதுகை நிமிர்த்தியே உட்காருவாள். கறையைக் கண்டு அருவருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

பழைய துணியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தான். கறையின் மேல் கையை வைத்தான்.

"கிழிக்காதீங்க பாய்." அன்னக்கொடிதான் சொன்னாள். "அதுக்கு மேலயே லெதரை வச்சுத் தைச்சிருங்க."

திரும்பும் வழியில் அவள், "செல்லக்கிளி அக்கா என்னைவிடக் குள்ளமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்."

அவள் புது சீட்டில் சற்றே சறுக்கி இறங்கி, கறை இருந்த இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.