ஏழாம் நம்பர் மலையில் புழு

“இந்த நாத்தத்த இன்னைக்கே இங்கேருந்து எடுக்கணும்.”

தேயிலைத் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு பிரதாப் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னதும் வீரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்றமாம்! ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு, எட்டு மாதமாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சாணியும் சருகுமாகச் சேர்த்து, புரட்டிப் புரட்டி மக்கவைத்த எரு. கையில் அள்ளினால் தேயிலைத் தூள் மாதிரி உதிரும். இதில் இவருக்கு எங்கிருந்து நாற்றம் வந்தது?

“ஐயா, ஞாயித்துக்கெழம உருளக்கெழங்கு ஊனணுங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க, பாத்தியில போட்டுர்றேன்.”

“நாளைக்கு கொழும்புல இருந்து மண்ணப் பரிசோதிக்க வாராங்க. இயற்கை உரத் தோட்டம்னு சர்ட்டிபிகேட் குடுக்கப் போறாங்க. இதப் பாத்தா என்ன நெனப்பாங்க? தோட்டத்து மானம் போயிரும்.”

“மருந்தடிச்சு அடிச்சு மலையில மண்ணே செத்துக் கெடக்கு. அதுல போகாத மானம் இதுலயா போகுது?”

அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. டிராக்டர் வந்தது. ஒரு கூடைகூட மிச்சம் வைக்காமல் வழித்துக்கொண்டு போனார்கள். எங்கே கொட்டப்போகிறார்கள் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மண் பரிசோதனை அதிகாரி நிஷாந்தி ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். பிரதாப் தன் கையாலேயே மம்மட்டியை எடுத்துத் தேயிலைத் தூரில் ஒரு கொத்துக் கொத்தினார். சிவப்பு சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தன.

“பாத்தீங்களா மேடம்? மூணு வருசமா இயற்கை எரு மட்டுந்தான். மண்ணு உசிரோட இருக்கு.”

நிஷாந்தி ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மம்மட்டியை வாங்கி ஒரு சாண் ஆழம் கொத்தினார். கீழே மண் வெளிறிக் கெட்டியாகக் கிடந்தது. புழு இல்லை, பூச்சி இல்லை, ஒரு எறும்புகூட இல்லை.

“இது எருக்குவியல்ல வளர்ற புழு. தேயில மண்ணுல இது தங்காது. அதான் மேல ரெண்டு அங்குலத்துல மட்டும் இருக்கு. யார் வீட்டு எரு இது?”

பிரதாப் மம்மட்டியைத் திருப்பி வாங்கக் கை நீட்டினார்.

வீரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“நாத்தம்னு நேத்து இவங்க அள்ளிக்கிட்டுப் போன எங்க எருதாங்க. ஐயாகிட்டச் சொல்லித் திருப்பி வாங்கிக் குடுங்க, ஞாயித்துக்கெழம கெழங்கு ஊனணும்.”