பதினைந்தடிப் பாதை

“இந்தக் கட்டுல இருந்து ஏதாவது பேப்பரைத் திரும்ப எடுத்துக்கணும்னா, இப்பவே எடுத்துக்கோங்க சார்.”

பரிசீலனை அதிகாரி இப்படிச் சொன்னதும் மனைப்பிரிவு மேனேஜருக்கு எரிச்சல் மூண்டது. வாரக்கணக்கில் அலையவிட்டது போதாதா? மின்கம்ப வரைபடம், குடிநீர்க் குழாய் வரைபடம், கழிவுநீர் வரைபடம் என்று மூன்றையும் மேஜையில் விரித்துப் போட்டு, கோடு கோடாக விரல் வைத்துப் பார்த்தாயிற்று. இன்னும் என்னவாம் இந்த அம்மாவுக்கு?

“எல்லாம் சரியாத்தானே மேடம் இருக்கு?”

“கோடு எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் பேப்பரைச் சொல்றேன்.”

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருபத்திரண்டு வீடுகள். கட்டி முடித்து, குடியும் வந்தாயிற்று. கரண்டும் கிடையாது, குழாயில் சொட்டுத் தண்ணீரும் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வாய்க்கால். கம்பமோ குழாயோ உள்ளே போக வேண்டுமென்றால் நடுவில் கிடக்கும் பதினைந்தடிப் பாதைதான் கதி. அந்தப் பாதையோ, கிணற்றுக்குப் போய்வருவதற்காக ஒரு பெண்மணிக்குப் பழைய பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வழிப்பாத்தியம். அவரோ, அவர் வாரிசோ சம்மதிக்காமல் அதில் ஒரு குச்சிகூட ஊன்றக் கூடாது.

இருபத்திரண்டில் ஒன்று மேனேஜரின் சொந்த வீடு. கொடுமை அங்கேதான்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள லைட் எரியலைன்னா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க உங்க மெழுகுவத்தியோட குடும்பம் நடத்துங்க” என்று மனைவி காலையில்தான் கறாராகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்துவிடுகிற ரகம்.

பத்திரத்தில் இருந்த விலாசத்துக்கு மேனேஜர் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். இரண்டு தடவையும் பூட்டு தொங்கியது. மூன்றாவது தடவை போக அலுப்பாக இருந்தது. யாரையோ பிடித்து, எதையோ செய்து, ஒரு மரணச் சான்றிதழையே தயார் பண்ணிவிட்டார். அந்தப் பெண்மணி மூன்று வருஷத்துக்கு முன்பே காலமாகிவிட்டார், வாரிசு எவரும் இல்லை. பாத்தியமும் அவரோடு போயிற்று. தீர்ந்தது வேலை!

“மேடம், மேலே அனுப்பிடுங்களேன். உங்களுக்கு வேற ஏதாவதுன்னா... பார்த்துப் பண்ணிடலாம்” என்று குழைந்தார்.

“எனக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். இந்த ஃபைல்ல முடிவெடுக்கறது எங்க டைரக்டர். நான் எடுக்கக் கூடாது. அனுப்பறதுக்கு முன்னால உங்களைக் கேக்கறேன், அவ்வளவுதான். இந்த மரணச் சான்றிதழ் இருக்கட்டுமா?”

மேனேஜர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மோப்பம் பிடித்துவிட்டாளோ? இப்போது தயங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

“இருக்கட்டுமாவா? அதுதானே மேடம் முக்கியம்!”

“இவங்க இறந்துட்டாங்கன்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க!” வாய் தானாகவே கதை கட்ட ஆரம்பித்தது. “சாவுக்கே போயிருந்தேன். கொட்டற மழை. தூக்கறதுக்குக்கூட ஆள் பத்தலை. நானும் ஒரு தோள் கொடுத்தேன்.”

“பிள்ளைங்க யாரும் வரலையா?”

“பிள்ளையாவது, குட்டியாவது! ஒண்டிக்கட்டை மேடம். கடைசிக் காலத்துல ஒரு வாய் கஞ்சி ஊத்த நாதியில்லை, பாவம்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. அடி சக்கை, உருகிவிட்டாளே என்று மேனேஜர் மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

“கடைசியா ஒரு தரம் கேக்கறேன் சார். அந்த ஒரு பேப்பர் மட்டும் இல்லைன்னா, இந்த ஃபைல் இன்னிக்கே மேலே போயிடும்.”

“அது இல்லைன்னா பாதை ஏது மேடம்? நல்லாயிருக்கே கதை! என்னைக் குழியில தள்ளப் பார்க்கறீங்களே!”

அதிகாரி மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். முகம் இறுகிப் போயிற்று.

“அப்போ சரி. கொடுத்த பேப்பர் எல்லாம் உண்மைன்னு இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். சுழித்துச் சுழித்துப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார். அதன்மேல் அதிகாரி பதிவு முத்திரையை ஓங்கிக் குத்தினார். இனிமேல் அந்தக் காகிதத்தை ஃபைலிலிருந்து உருவ யாராலும் முடியாது.

அப்புறம்தான் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“உங்க ஃபைலுக்கு வந்த இன்னொரு பேப்பர். நாங்க விட்ட நோட்டீஸைப் பார்த்துட்டு முந்தாநாள் குடுத்தது.”

கோணல்மாணலான கையெழுத்து. ‘என் பாதையில் கம்பம் நடவும், குழாய் பதிக்கவும் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்து படிக்கக் கூடாது.’

அடியில் இருந்த பெயரைப் படித்ததும் மேனேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சான்றிதழில் இருந்த அதே பெயர்! கண்ணைக் கசக்கிக்கொண்டு தேதியைப் பார்த்தார். முந்தாநாள் தேதியேதான். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“செத்துப் போனவங்க... எப்படி மேடம்...?”

“ரெண்டு வருஷமா மக வீட்டுல இருக்காங்க சார்” என்றார் அதிகாரி. “உங்க வீட்டுல விளக்கு எரியட்டும்னு, முட்டி வலியோட ரெண்டு பஸ் மாறி, இந்த மாடிப்படி ஏறி வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க, எங்கம்மா.”