நஜாத் இருந்த காலம்

ஆலங்குடா ஹோட்டலின் அறைப் பதிவுத் தளம் மறுபடியும் உறைந்து நின்றது.

“நஜாத் இருக்கக்குள்ள ஒருநாளும் இப்படி நிண்டதில்ல,” என்றான் முதலாளி ரிஃபாஸ். “நீங்க வந்தபொறகுதான் இந்தக் கூத்து. பொம்பளப் புள்ளைக்கு இது சரிவராது எண்டு வாப்பா அப்பவே சொன்னாரு. இண்டைக்குச் சரியாகாட்டி வேற ஆள்தான் பாக்கணும், தங்கச்சி.”

பஹ்மிதா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. தேவையற்றதை ஜாவா நிரல்மொழி தானாகவே நினைவகத்திலிருந்து கூட்டித் தள்ளிவிடும். ஆனால் அவளுக்கு முன் இந்த வேலையில் இருந்த நஜாத் எழுதிய நிரல், வந்துபோன விருந்தாளிகள் எல்லாரின் விவரத்தையும் விடாமல் பிடித்துவைத்திருந்தது. பிடியில் இருப்பதை ஜாவா தொடாது. நினைவகம் நிரம்பியதும் எல்லாம் நின்றுவிடுகிறது.

பிழை பழையது. பிறகேன் அவன் காலத்தில் நிற்கவில்லை? இப்போது கட்டாரில் இருக்கும் நஜாத்தை அழைத்து, ரிஃபாஸுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“நான் ஒண்டும் விசேஷமாச் செய்யல்ல தங்கச்சி,” என்றான் நஜாத். “வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் போகக்குள்ள மெயின் சுவிட்ச்ச நிப்பாட்டிட்டுத்தான் ஒபிஸப் பூட்டுவன். தொழுதிட்டு வந்து போடுவன். அவ்வளவுதான்.”

வாராவாரம் கணினியும் அணைந்து, நினைவகம் வெறுமையாகிப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அவள் வந்தபிறகு அந்தச் சுவிட்ச்சை யாரும் தொடவில்லை.

ரிஃபாஸ் தலையைச் சொறிந்தான். “அப்ப அவன்ட திறமை...?”

பஹ்மிதா பிழையான வரியைத் திருத்தத் தொடங்கினாள்.

“உங்கட வாப்பா சொன்னது சரிதான், ரிஃபாஸ் நானா. பொம்பளப் புள்ள நான் ஜும்ஆவுக்குப் போறல்லதானே.”