இன்னும் கொஞ்சம் கனம்

கார் வேகமாகப் போகவேண்டும் என்பதற்காக, இன்ஜினோடு சுழலும் இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலை மூன்றாவது முறையாக லேத்தில் கடைந்து எடையைக் குறைத்து மாட்டினார்கள்.

“இந்தத் தடவை எவ்வளவு போச்சுண்ணே?” என்று கேட்டது பக்கத்திலிருந்த கிளட்ச் பிளேட்.

“ரெண்டு கிலோ,” என்றது ஃப்ளைவீல் அலுப்போடு. “இதுக்கு மேல கடைஞ்சா என் நடுவுல இருக்கிற ஓட்டைதான் மிஞ்சும்.”

அப்போது டிக்கி திறந்தது. முதலாளி முப்பது கிலோ ஸ்பீக்கர் பெட்டியை உள்ளே வைத்தார். பிறகு மூச்சு வாங்க சீட்டில் வந்து உட்கார்ந்தார். கார் அந்தப் பக்கமே சாய்ந்தது.

முதல் மேட்டிலேயே வண்டி திணறி நின்றுவிட்டது.

முதலாளி சீட்டை விட்டு இறங்காமலே மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “எட்வின், அந்த ஃப்ளைவீல் இன்னும் கொஞ்சம் கனமா இருக்குப்பா.”