முன் அனுபவம்

“படம் வரைவீங்களா?” என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் மேசையின் இடது ஓரத்தில் இருந்த அதிகாரி.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வரைய மாட்டேன், ஓவியங்களின் வரலாற்றைப் படித்தவள் என்றாள்.

போர்களின் வரலாற்றைப் படித்தவனிடம் எங்கே ஒரு போர் நடத்திக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அருங்காட்சியகத்தின் ஓவியப் பிரிவுக்கு ஓர் உதவியாளர் வேண்டும். இருப்பது ஒரே இடம். வெளியே பெஞ்சில் இன்னும் ஒன்பது பேர்.

கலை வரலாற்றில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். அதை வைத்துக்கொண்டு அவள் ஏறி இறங்காத படி இல்லை.

டைல்ஸ் கடையில் எந்தச் சுவருக்கு எந்த நிறம் பொருந்தும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை விடுப்பில் போனபோது, இரண்டு மாதம் பிள்ளைகளோடு பிள்ளையாக யானை வரையப் பழகினாள். ஓவியங்களை மதிப்பிட ஆள் வேண்டும் என்று ஒரு காப்பீட்டு நிறுவனம் கூப்பிட்டது. போனால், நசுங்கிய கார்களைப் போட்டோ எடுக்கச் சொன்னார்கள்.

“படத்தச் சுவத்துல மாட்ட ஆணி அடிக்கத் தெரிஞ்சாப் போதாதா? அதுக்கு அஞ்சு வருஷப் படிப்பா?” என்று அக்கா வீட்டுக்காரர் ஆளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

அக்கா சிரிக்க மாட்டாள். இன்று காலை தன் உடைகளிலேயே நல்லதை எடுத்துக் கொடுத்து, தலையைத் தளரப் பின்னிவிட்டு அனுப்பியதும் அவள்தான்.

மேசையின் நடுவில் இருந்த அருங்காட்சியக இயக்குநர் அதுவரை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். இப்போது நிமிராமலே, இரண்டாவது கூடத்தில் இருக்கும் படகுத்துறை ஓவியத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

அவள் சொன்னாள்.

படகோட்டிக்கு முதலில் வேறு இடத்தில் கை வரைந்து, பிறகு பூசி மறைத்திருக்கிறார்கள். நாலு மணி வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பழைய கை லேசாகத் தெரியும். சட்டத்தின் வலது கீழ் மூலை ஈரத்தில் உப்பிக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் படகைப் பார்ப்பார்கள். குழந்தைகள் அதன் நிழலில் படுத்திருக்கும் நாயிடம்தான் முதலில் போவார்கள்.

இயக்குநரின் பேனா நின்றது. அதிகாரி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

கிடைத்துவிடும் போலிருந்தது.

“நல்லாப் பேசுறீங்கம்மா. ஆனா ஒரு மியூசியத்துல இருந்து பழகின அனுபவம் வேணும். உங்களுக்கு அதுதான் இல்ல” என்றார் இயக்குநர்.

“சார், விண்ணப்பத்துல கடைசிப் பக்கத்துல...”

அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமலே கோப்பை மூடினார். அடுத்த ஆளை வரச் சொன்னார்.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

படியிறங்கியவள் வாசல் பக்கம் போகவில்லை.

படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிறிய அறைக்குள் போனாள். அக்காவின் உடையை மடித்துப் பையில் வைத்தாள். பின்னலை இழுத்துக் கொண்டையாக முடிந்தாள். நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டாள். ‘காவலர்’ என்று எழுதிய வில்லையை நெஞ்சில் குத்திக்கொண்டு, இரண்டாவது கூடத்தின் மூலைக்கு, படகுத்துறை ஓவியத்தை ஒட்டி ஆறு வருடமாக உட்காரும் நாற்காலிக்குப் போனாள்.

அரை நாள் விடுப்பு முடிந்திருந்தது.

மூன்று மணி வாக்கில் இயக்குநர் வந்தார். கூடவே, அன்றே தேர்வான புது உதவியாளர், வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் எழுந்து நின்றாள். தினமும் காலையில் அவர் வரும்போதும் இப்படித்தான் எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுவாள்.

அவர் புது ஆளுக்கு ஒவ்வொரு சுவராகக் காட்டிக்கொண்டே வந்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லும்மா. படம் மறைக்குது.”

அவள் நகரவில்லை.

மறுபடி கையை அசைத்தார். அப்போதும் நகரவில்லை.

எரிச்சலோடு திரும்பியவர், அந்த நீலச் சட்டைக்கு மேலே இருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தார்.