மூன்றாவது சென்சார்

ஒரு மணி நேரம் ஒழுங்காகத் தோண்டிவிட்டு, பொக்லைன் மறுபடியும் இருமி நின்றது.

ஸ்கேனர் திரையில் அதே எழுத்துதான். டீசல் பிரஷர் குறைவு.

இந்த வண்டிக்கு ஏற்கெனவே இரண்டு பிரஷர் சென்சார் மாற்றியாகிவிட்டது. மாற்றியது நான்தான். மூன்றாவது, டப்பா பிரிக்காமல் என் பையில் கிடந்தது. அதைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக, அடுத்தவன் போதும் என்று தள்ளிவிட்ட வண்டிகளுக்குத்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டி ஆத்தப்பன் அண்ணனுடையது. நல்லூரில் இருந்த நிட்டிங் மிஷின்களை விற்றுவிட்டு, செகண்ட் ஹேண்டில் இதை வாங்கினார். அவிநாசி தாண்டி ஒரு பனியன் கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டும் வேலை. நான்கு நாளாகப் பாதிக் குழியோடு நிற்கிறது.

தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஆபரேட்டர் அய்யாசாமி டீசலைத் திருடி விற்றுவிட்டு எதையோ கலந்து ஊற்றுகிறான். நான் ஆமாம் என்றால் போதும், இன்றே அவனை அனுப்பிவிடுவார். திருட்டுப் பேரோடு போனவனை இந்தப் பக்கம் ஒருத்தரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

அய்யாசாமி சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தான்.

"வடிகட்டாம ஒரு சொட்டு ஊத்துனதில்லீங்க" என்று மட்டும் சொன்னான்.

ஸ்கேனரை மூடிவிட்டு, டேங்கிலிருந்து வரும் லைனில் பிரஷர் காட்டும் முள் மீட்டரை மாட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. சோம்பல்தான், வேறென்ன. சென்சார் மாற்றுவது சுலபம்.

வண்டியை ஓட விட்டோம். முக்கால் மணி நேரத்தில் முள் இறங்க ஆரம்பித்தது. சென்சார் சொன்னதையே முள்ளும் சொன்னது.

அப்படியானால் சென்சார் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே டீசல் வரவில்லை. நோயைச் சொன்னவனைத்தான் நான் இரண்டு தடவை கழற்றி எறிந்திருக்கிறேன்.

டீசலை பாட்டிலில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. மண்ணெண்ணெய் வாசம் இல்லை. அய்யாசாமி அப்போதுதான் மூச்சு விட்டான்.

வண்டி ஆறுவதற்குள், டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயைக் கழற்றி வெளியே எடுத்தேன். முனையில் இருந்த சல்லடையே தெரியவில்லை. நனைந்த பூனைக்குட்டி மாதிரி அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு.

வண்டி ஓட ஓடப் பஞ்சு வந்து சல்லடையை அடைக்கும். நிறுத்தினால் உதிர்ந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். அதனால்தான் பத்து நிமிஷம் ஆறப்போட்டால் மறுபடி ஓடுகிறது.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. டீசல் ஊற்றும் புனலின் வாயில் இறுக்கிக் கட்டியிருந்தது, புத்தம் புது பனியன் துணி. அய்யாசாமியின் சம்சாரம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். கட்டிங் வேஸ்டில் நல்ல துண்டாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துவிடுவாளாம். தினமும் ஒரு புதுத் துண்டு. பனியன் துணி பஞ்சை உதிர்த்துக்கொண்டே இருக்கும். புதிது என்றால் இன்னும் மோசம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெயில், அலைச்சல், வீணாய்ப் போன இரண்டு சென்சார்.

"டீசலத் துணில வடிகட்டச் சொல்லி எந்த மடையன் சொன்னது உனக்கு?"

அய்யாசாமி வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"கேக்கறாங்கள்ல, சொல்லு" என்றார் ஆத்தப்பன் அண்ணன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேசாமல் நிற்கிறவன்மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். அண்ணன் கையை நீட்டினார். அய்யாசாமி சாவியை அதில் வைத்துவிட்டு, கேபினுக்குள் இருந்த சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுக்கப் போனான்.

ஏன் என் முகத்தைப் பார்த்தான்?

சித்திரையில், முதல் சென்சாரை மாட்டிவிட்டுக் கிளம்பிய நாள். அப்போது அடைத்தது டீசலில் இருந்த தூசியாகத்தான் இருக்கும். பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நான் கத்தியது இப்போதுதான் எனக்கே கேட்டது. டீசல் சுத்தமில்ல அய்யாசாமி, துணி வெச்சு வடிகட்டி ஊத்து.

நான் நினைத்தது பழைய வேட்டியை. நான் தாராபுரத்துக்காரன், துணி என்றால் எனக்கு அதுதான். இந்தப் பனியன் ஊரில் துணி என்றால் பனியன் துணி.

எந்த மடையன் என்று நானே கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு, நீங்கதான் என்று மூஞ்சிக்கு நேராக அவன் எப்படிச் சொல்வான்?

வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

அண்ணன் கையிலிருந்த சாவியை வாங்கினேன்.

"அந்த மடையன் நாந்தானுங்க. நாஞ் சொன்னதத்தான் அவன் செஞ்சிருக்கறான்."

அண்ணன் என்னையும் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்குப்போசியோடு இறங்கி வந்தவன் கையில் சாவியை வைத்தேன்.

அய்யாசாமி அதை வாங்கிக்கொண்டு, அவசரமாக அண்ணன் பக்கம் திரும்பினான்.

"இல்லீங்க, அவுங்க துணின்னுதானுங்க சொன்னாங்க. பனியன் துணின்னு சொல்லவே இல்லீங்க."